மாவளி கற்பித்த பொறுமை

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே அமைந்த திருமுல்லைவாயில், சுந்தரர் பாடிப் பரவிய திருத்தலம். யானையின் காலைச் சுற்றிய முல்லைக் கொடிகளைத் தொண்டைமான் வாளால் வெட்ட, கொடிகளின் கீழிருந்த இலிங்கத் திருமேனியிலிருந்து குருதி பெருகிற்று. பதறி வருந்திய மன்னனுக்கு இறைவன் காட்சி தந்து அருளினான் என்பது தலவரலாறு. அந்த வெட்டுத் தழும்புடன் மாசிலாமணீசுவரர் இன்றும் சந்தனக் காப்பில் எழுந்தருளியுள்ளார்.

அவசரக் கையின் தழும்பு அவ்வட்டாரத்துப் பெரியோருக்கும் புதிதன்று. ஏரியும் வயலும் பனையும் சூழ்ந்திருந்த அந்நாளில், தீபாவளிக்கு மறுநாள் காலை சிறுவர்கள் வெடிக்காத வெடிகளைப் பொறுக்குவர். அவற்றைப் பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டித் தீ வைப்பர். குப்பென்று எழும் சுவாலை புருவத்தைப் பொசுக்கும், விரலைச் சுடும். வீட்டில் அடி விழுமென்று அஞ்சிக் கையை முதுகுக்குப் பின் மறைத்தவர் பலர்.

அச்சிறுவர்களைப் பாட்டனார் தீயிடமிருந்து விலக்கவில்லை. வேறொரு தீயைக் கற்பித்தார். அதுவே திருக்கார்த்திகை மாவளி. ஆண்பனையின் பூவை உலர்த்தி, குழியில் மூட்டமிட்டுக் கரியாக்க வேண்டும். அதனைப் பொடித்து, பருத்தித் துணியில் இறுகச் சுருட்டி, பிளந்த பனைமட்டையினிடையே வைத்துக் கட்டி, கயிறு பிணைக்க வேண்டும். இதற்கே நாட்கள் பல செல்லும். கோயிலில் சொக்கப்பனை எரிந்த பின்னரே கங்கு வைத்துச் சுழற்ற அனுமதி கிட்டும். சிறுவனைச் சுற்றிப் பொன்மழையாய்ப் பொறிகள் சிதறும்.

வெடிமருந்தில் கலந்த வெடியுப்பு, எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தன்னுள்ளேயே கொண்டது. ஆதலின் பொறி பட்டதும் ஒரே மூச்சில் எரிந்து தீரும். இடையில் எவராலும் தடுக்க இயலாது. மாவளிக் கரியோ வெளிக்காற்றை நம்பி எரிவது. கை சுழன்றால் ஒளிரும். கை ஓய்ந்தால் தணியும். முன்னது கையை மீறிய தீ. பின்னது கைக்கு அடங்கிய தீ. சினமும் அவ்வாறே என்பதைப் பாட்டனார் வாய்விட்டுச் சொன்னதில்லை. அருகில் நின்றார், அவ்வளவே.

இன்று அவ்வூர்களில் பனைகள் அருகிவிட்டன. மாவளி கட்டத் தெரிந்த கைகளும் முதுமை எய்திவிட்டன. வரும் திருக்கார்த்திகைக்கேனும், திறந்த வெளியில், பருத்தி ஆடை உடுத்திய பேரப்பிள்ளைக்கு அருகே, ஒரு வாளித் தண்ணீருடன் தாத்தா நிற்கட்டும். சோதி வடிவான அண்ணாமலையார் அப்பிஞ்சுக் கைகளைக் காத்தருள்வார்.