பனியனைக் கழற்றாத பேரன்



லீவுக்கு வந்திருந்த பேரனை பம்புசெட்டில் குளிக்கக் கூப்பிட்டேன். போன வருடம் வரை தொட்டியில் குதித்துக் கும்மாளம் போட்டவன், இந்த முறை பனியனைக் கழற்ற மாட்டேன் என்று நின்றான். பத்தாவது முடித்த பையன். துருவிக் கேட்டதும் போனில் ஒரு சிக்ஸ் பேக் படத்தைக் காட்டினான். "ஆறு மாசமா ஜிம்முக்குப் போறேன் தாத்தா. எனக்கு மட்டும் ஏன் இப்படி வரல?" என்றான்.

முப்பது வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆண்டி ராடிக் என்று ஓர் அமெரிக்க டென்னிஸ் வீரர். 2003-ல் யு.எஸ். ஓபன் பட்டம் வென்றவர். 2004-ல் மணிக்கு 249 கிலோமீட்டர் வேகத்தில் சர்வ் போட்டு அன்றைய உலக சாதனை படைத்தவர். அப்பேர்ப்பட்ட கையே 2007-ல் 'மென்ஸ் ஃபிட்னஸ்' பத்திரிகைக்குப் போதவில்லை! அட்டைப்படத்தில் கைகளைப் பெரிதாக்கிவிட்டார்கள். அதைப் பார்த்து அவருக்கே சிரிப்பு. என் கை இவ்வளவு பெரிசு இல்லை, கையில் இருந்த மச்சத்தையும் காணோம் என்று தன் வலைப்பதிவில் கிண்டலடித்தார்.

கம்ப்யூட்டரில் திருத்தாத படத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. படம் எடுக்கும் முன் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள், தசை எடுப்பாகத் தெரியும் என்று. கேமரா முன் நிற்பதற்குச் சற்று முன்பு தண்டால் எடுத்துத் தசையைப் புடைக்க வைப்பார்கள். பக்கவாட்டு வெளிச்சம், உடம்பில் எண்ணெய், மூச்சுப் பிடித்து ஒரு நொடி. அவ்வளவுதான் படம். 2017-ல் வந்த 'பேவாட்ச்' படத்தின் நடிகர் ஜாக் எஃப்ரான், அந்த உடம்புக்காகச் சிறுநீர் அதிகம் பிரிய வைக்கும் மருந்து வரை போனதாகவும், தூக்கம் கெட்டு மனச்சோர்வில் விழுந்ததாகவும் 2022-ல் வெளிப்படையாகவே சொன்னார்.

நார்வேயில் 2022 ஜூலை முதல், விளம்பரப் படத்தில் உடம்பின் அளவையோ வடிவத்தையோ தோலையோ மாற்றினால் அதை முத்திரை போட்டுச் சொல்லியாக வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டியது நாம்தான்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் மனசு உறுத்தியது. தப்பு படத்தில் மட்டும்தானா? 'பூசணிக்கா', 'ஒட்டடைக்குச்சி' என்று மைதானத்தில் பெயர் வைத்துக் கூப்பிட்டவன் நான். எல்லோரும் சிரித்தார்கள். வேடிக்கை என்றே நினைத்தேன். ஒரு பையன் பி.டி. பீரியட் வந்தாலே வயிற்றுவலி என்று வகுப்பிலேயே உட்கார்ந்துவிடுவான். காரணம் இப்போதுதான் புரிகிறது. அவன் இதைப் படித்தால்: தம்பி, தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.

உடற்பயிற்சி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நேற்று நாலு ரவுண்டு ஓடியவன் இன்று ஐந்து ஓடினால் அதுதான் முன்னேற்றம். நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, மூச்சு வாங்காமல் மாடி ஏற முடிகிறதா? அந்த உடம்புக்கு ஒரு குறையும் இல்லை.

உறவினர்களிடமும் ஒரு வேண்டுகோள். கல்யாண வீட்டில் பிள்ளைகளைப் பார்த்ததும் "என்ன இப்படி ஊதிட்டே?", "ஏன் இப்படி வத்திப் போயிட்டே?" என்று ஆரம்பிக்காதீர்கள். "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள், போதும்.

பேரன் மறுநாள் குளிக்க வந்தான், பனியனோடுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்புடன்,
உங்கள் பி.டி. சார்