மறுபடியும் ஏன் வந்தது?

குழந்தைக்கு ஒரு முறை நிமோனியா வந்தால் தற்செயல் என்று கொள்ளலாம். ஓராண்டிற்குள் 2 முறையோ, மொத்தத்தில் 3 முறையோ வந்தால், உள்ளே ஏதோ காரணம் இருக்கக்கூடும்; அதைத் தேடியே ஆகவேண்டும் என்கிறது மருத்துவம். ஆனால், நடப்பதென்ன? வீட்டில், "இவன் சளிப் பிள்ளை; தலையெழுத்து!" என்கிறோம். மருத்துவமனையிலோ, காய்ச்சல் தணிந்ததும் அனுப்பிவிடுகின்றனர். மூன்று திங்கள் சென்றதும், அதே தாய், அதே குழந்தையோடு, அதே வரிசையில் நிற்கிறாள்!

வந்த நோயைத் தீர்த்தால் மட்டும் போதுமா? அது திரும்பி வரும் வழியை அடைக்க வேண்டாமா?

1952-இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், கடுந்தொற்று நோய்களால் ஓயாது தாக்குண்ட 8 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். 'ஏன்?' என்று கேட்டு அவன் இரத்தத்தை ஆராய்ந்தார். நோயை எதிர்க்கும் காமா குளோபுலின் அதில் காணப்படவில்லை. அதனை ஊசி மூலம் அளித்தார், தொல்லை அகன்றது.

இக்குறை அரிது. வேறு காரணங்கள் பல. நுரையீரலில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருமானால், மூச்சுக்குழாயில் வேர்க்கடலை சிக்கியிருக்கலாம். வெவ்வேறு இடங்களில் வருமானால், இருதயத்தில் துளை இருக்கலாம். பால் புரையேறி உள்ளே இறங்கலாம். ஆஸ்துமாவே நிமோனியா என்று எண்ணப்பட்டிருக்கலாம். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது அன்பினால்தான். ஆனால் அந்த எண்ணெய் நுரையீரலைப் புண்ணாக்கும். விறகடுப்புப் புகையும், பீடிப் புகையும், அரைவயிற்று உணவும் சேர்ந்துகொண்டால் கேட்பானேன்! இவற்றில் எது தலையெழுத்து?

நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசி, 2021 முதல் நாடெங்கும் இலவசத் திட்டத்தில் சேர்ந்துள்ளது. 6-ஆம் வாரம், 14-ஆம் வாரம், 9-ஆம் மாதம் ஆகிய மூன்று தவணைகளையும் தவறாது போட்டுக்கொள்ள வேண்டும்.

நாம் கேட்பது பெரிதன்று. நோய் எந்தப் பக்கம், எந்த இடத்தில் என்பதைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். குணமான பின் மற்றோர் எக்ஸ்ரே எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டாம் முறை வந்த குழந்தையை, காரணம் ஆராயாமல் அனுப்பாதீர்கள்.

தாய்மார்களே! படங்களைப் பத்திரப்படுத்துங்கள். "மறுபடியும் ஏன் வந்தது, டாக்டர்?" என்று தயங்காது கேளுங்கள். அது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. உங்கள் குழந்தையின் உரிமை!