பதில் சொல்ல விட்டீர்களா?

இந்து மகாசமுத்திரத்தில் கிறிஸ்துமஸ் தீவு என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோ மீட்டர் தூரம். ஆனால் அது ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தம்.

2009-ம் ஆண்டில் இலங்கைத் தமிழர் இருவர் படகில் அந்தத் தீவுக்கு வந்தனர். ஊர் திரும்பினால் ஆபத்து என்று கூறி அடைக்கலம் கேட்டனர். இருவரும் காவலில் வைக்கப்பட்டனர்.

அப்படி வந்தவர்கள் நேராக விசாவுக்கு மனுப் போட முடியாது. மந்திரி அனுமதிக்க வேண்டும். அதற்காக முதலில் அதிகாரி ஒருவர் விசாரித்தார். பிறகு, சர்க்கார் ஒப்பந்தம் செய்த கம்பெனியின் ஆய்வாளர் விசாரித்தார். “அகதி அல்ல” என்பதே இரண்டிலும் முடிவு.

இருவரும் ஐகோர்ட்டுக்குப் போனார்கள். ஆஸ்திரேலியாவில் அதுதான் எல்லாவற்றுக்கும் மேலான கோர்ட்டு.

7 நீதிபதிகள், ஒரே முடிவு

2010 நவம்பர் 11-ந் தேதி 7 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பு அளித்தனர். விசாரணை முடியும்வரை மனிதன் காவலில் கிடக்கிறான். ஆகவே அந்த விசாரணை சட்டப்படியும் நியாயமாகவும் நடக்க வேண்டும் என்றனர்.

என்ன குறை கண்டார்கள்? சட்டத்தையும் கோர்ட்டுத் தீர்ப்புகளையும் ஆய்வாளர்கள் கட்டாயமாகக் கொள்ளவில்லை. மனுதாரர் சொன்ன காரணம் ஒன்று ஆராயப்படவே இல்லை. இலங்கை நிலவரம் பற்றிய பாதகமான தகவல்களைக் காட்டிப் பதில் கேட்கவில்லை.

இந்தக் கடைசிக் குறைதான் பெரிது. “அந்த ஊரில் இப்போது பயமில்லை” என்று ஓர் அறிக்கை சொல்லலாம். ஆனால் ஒருவனுடைய வீட்டில் நடந்தது அறிக்கையில் இருக்காது. அவனைக் கேட்டால்தான் தெரியும்.

விசா கிடைத்ததா?

கோர்ட்டு விசா கொடுக்கவில்லை. கொடுக்கும்படி மந்திரிக்குக் கட்டளையிடவும் இல்லை. யார் அகதி என்று முடிவு செய்வது அதன் வேலை அல்ல. முடிவு செய்தவர் நியாயமாகக் கேட்டாரா என்று பார்ப்பதே அதன் வேலை.

அப்புறமும் சட்டம் பல முறை மாறியது. படகில் வந்த பலருக்கு 2014-ம் ஆண்டுச் சட்டம் சுருக்கமான மறுஆய்வைக் கொண்டு வந்தது. பெரும்பாலும் ஆளை அழைக்காமல், காகிதத்தைப் பார்த்தே முடிவு! அதை நடத்திய அமைப்பு 2024-ல் கலைக்கப்பட்டது.

கடன் வழக்கில் தவறு நேர்ந்தால் பணம் போகும். அடைக்கலம் கேட்டவன் விஷயத்தில் தவறு நேர்ந்தால் உயிரே போகலாம். இரு பக்கமும் கேட்காத பஞ்சாயத்தை நம் கிராமத்தில்கூட யாரும் ஏற்பதில்லை. நாடு விட்டு வந்தவனுக்கும் நியாயம் அதுவே.