சதுப்பு நிலத்துக்குத் தேய்மானம் உண்டா?

கணக்குப்பதிவியலில் ஒரு பாலபாடம் உண்டு. கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் தேய்மானம் போடலாம், நிலத்துக்குப் போடக்கூடாது. நிலம் தேயாதாம்! பள்ளிக்கரணையைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு நிலம் அது. குப்பைக்கிடங்கு, ரயில் நிலையம், அரசு அலுவலகங்கள், அடுக்குமாடிகள் என்று தேய்ந்து தேய்ந்து, 2022ல் ராம்சார் தகுதி கிடைத்தபோது பட்டியலில் ஏறியது சுமார் 1,248 ஹெக்டேர்தான்.

சரி, போனால் என்ன? கொக்குக்கும் நாரைக்கும் நஷ்டம், அவ்வளவுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் இடம் அது. மழையை வாங்கி வைத்துக்கொண்டு, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு மெதுவாக அனுப்பும். நிலத்தடி நீரையும் ஊறவைக்கும். இதற்குச் சம்பளம் கிடையாது, பில் கிடையாது. இயற்கை செய்யும் இந்த மாதிரி வேலைகளைத்தான் 'சூழல் சேவைகள்' என்கிறார்கள். 2005ல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்று 24 சேவைகளை ஆராய்ந்து, அவற்றில் 15 நலிந்துவிட்டன என்றது.

இனிதான் சிக்கலே. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். அதனால் கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டும். 2015 டிசம்பரும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரும் அப்படிப்பட்ட மழை எதைச் செய்யும் என்று காட்டிவிட்டன. இன்னொரு பக்கம், கடல்மட்டம் உயர உயர வெள்ளம் வடிவது தாமதமாகும். உப்புநீரும் உள்ளே ஏறும். அதாவது, சதுப்பு நிலத்தின் தேவை கூடப்போகிற அதே காலத்தில் அதன் திறன் குறையப்போகிறது. தேவை ஏறி வரத்து இறங்கினால் விலை என்னவாகும்? முதலாம் ஆண்டு மாணவனே சொல்லிவிடுவான்.

விலை ஏற்கெனவே கொடுக்கப்பட்டும் வருகிறது. மீஞ்சூரில் 2010லும் நெம்மேலியில் 2013லும் தொடங்கிய ஆலைகள், கடல்நீரிலிருந்து தினமும் தலா 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கத் திட்டமிடப்பட்டவை. அப்படியும் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஊரே குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தது.

வளரும் நகரத்துக்கு வீடு வேண்டாமா என்ற கேள்வி நியாயமானதே. கோபாலபுரத்துக்குப் பக்கத்து தி.நகரே 1920களில் ஏரியைத் தூர்த்து எழுந்ததுதான். மேற்கு மாம்பலத்தில் ஏரி இல்லை, 'லேக் வியூ ரோடு' மட்டும் இருக்கிறது. ஆனால் அன்று அடுத்த ஏரி மிச்சமிருந்தது. இன்று பள்ளிக்கரணைக்கு மாற்று எங்கே?

எனவே, சதுப்பில் ஒரு கட்டடத்துக்கு அனுமதி தருமுன், அங்கே இழக்கப்போகும் சேவையின் மதிப்பையும் கோப்பில் எழுதச் சொல்ல வேண்டும். அதுவும் இன்றைய மழைக்கு அல்ல, முப்பது வருடம் கழித்துப் பெய்யப்போகும் மழைக்கு. லாபம் கட்டுபவருக்கு, நஷ்டம் தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு என்றால் அதற்குப் பெயர் வளர்ச்சி அல்ல, பொய்க்கணக்கு!