கடல் அளவைக்குக் கணக்குப்பிள்ளைகள் தேவை

1945 ஆகஸ்டில் இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தது. அதையொட்டி, உலகக் கடற்பரப்பின் வெப்பநிலைப் பதிவுகளில் சுமார் 0.3 டிகிரி செல்சியஸ் திடீர்ச் சரிவு தெரிகிறது. எரிமலையோ எல் நினோவோ அதற்குக் காரணமல்ல. 2008இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியான கட்டுரைதான் புதிரை அவிழ்த்தது: கடல் குளிரவில்லை, அளந்த கப்பல்கள் மாறியிருந்தன.

போரின் கடைசி ஆண்டுகளில் ஏறக்குறைய 80% பதிவுகள் அமெரிக்கக் கப்பல்களிலிருந்து வந்தவை. அவை இயந்திரத்தைக் குளிர்விக்க உள்ளிழுத்த நீரை அளந்தன. இயந்திர அறைச் சூட்டில் அந்த நீர் சற்று வெதுவெதுப்பாகிவிடும். போருக்குப் பிறகு பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு கூடியது. அங்கே வாளியில் மொண்டு அளந்தார்கள். மேலே தூக்குவதற்குள் காற்றுப்பட்டு நீர் குளிர்ந்தது. தெர்மாமீட்டர்கள் சரியாகவே இருந்தன. எந்த நீர், எப்படி அளக்கப்பட்டது என்பதைத்தான் சரிவரக் கணக்கில் எடுக்கவில்லை.

கப்பலே குறுக்கே நிற்கிறது

இன்றைய ஆய்வுக் கப்பலில் காற்று, ஈரப்பதம், அழுத்தம், மழை, சூரியக் கதிர்வீச்சு எல்லாவற்றையும் உணரிகள் இடைவிடாமல் பதிவுசெய்கின்றன. அடித்தளத்தில் குழாய்வழி பாய்ந்துகொண்டேயிருக்கும் கடல்நீரின் வெப்பத்தையும் மின்கடத்துதிறனையும் தெர்மோசாலினோகிராஃப் அளக்கிறது; அவற்றிலிருந்து உப்பின் அளவு கணக்கிடப்படுகிறது.

ஆனால், அளக்கும் கருவியைச் சுமக்கும் கப்பலே அளவைக் கெடுக்கக்கூடியது. காற்றே வீசாத கடலில் மணிக்கு 10 கடல் மைல் (நாட்) வேகத்தில் போகும் கப்பலின் காற்றுமானி, 10 நாட் எதிர்க்காற்று என்று காட்டும். கப்பலின் வேகம், போகும் திசை, முகப்பு நோக்கும் திசை மூன்றையும் கணக்கில் கொண்டால்தான் உண்மைக் காற்று கிடைக்கும். காற்று பின்னாலிருந்து வீசினால், மேல்தளக் கட்டடம் அதை மறிக்கும்; புகைபோக்கியின் வெப்பம் உணரியைத் தொடும். குழாய்க்குள் பாசியும் நுண்ணுயிரும் படியும். கொந்தளிப்பில் காற்றுக்குமிழிகள் புகும். துறைமுகத்தில் பம்பை நிறுத்திய பிறகும், தேங்கிய நீரைக் கடல்நீரென்று கருவி பதிந்துகொண்டிருக்கும்.

இவற்றைப் பிடிக்கத் தினமும் ஒரு மனிதக் கண் வேண்டும்.

அமெரிக்காவின் தினசரித் தணிக்கை

ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ‘சாமோஸ்’ திட்டம் 2005 முதல் அதைச் செய்துவருகிறது. ஆய்வுக் கப்பல்கள் ஒரு நிமிடச் சராசரிகளை நாள்தோறும் அனுப்புகின்றன. சந்தேகத்துக்குரிய எண்களை அங்கே அழிப்பதில்லை. பக்கத்தில் ஓர் எழுத்துக் குறியிடுகிறார்கள். பழுது தெரிந்தால், பயணம் முடியும்வரை காத்திராமல் கப்பலிலுள்ள தொழில்நுட்பருக்குத் தகவல் போகிறது. தரவு எல்லோருக்கும் இலவசம்.

இந்தியாவுக்கு இந்தப் பழக்கம் அவசரத் தேவை. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொண்டுவரும் நன்னீர் வங்கக் கடலின் மேலே மெல்லிய அடுக்காகப் பரவி, அடியிலுள்ள குளிர்நீர் மேலெழுவதைத் தடுக்கிறது. புயல் கடந்தாலும் மேற்பரப்பு அவ்வளவாகக் குளிர்வதில்லை. புயல் வலுக்க அதுவும் ஒரு காரணம். சில மீட்டர் ஆழத்தில் நீரை உறிஞ்சும் குழாய், புதுமழையின் நன்னீரைத் தவறவிடலாம். குழாயின் ஆழம் குறிக்கப்படாவிட்டால், பத்தாண்டு கழித்து அந்த எண்ணைப் படிப்பவருக்கு அது என்ன நீர் என்றே தெரியாது.

சென்னையிலிருந்து இயக்கப்படும் ‘சாகர் நிதி’, கோவாவின் ‘சாகர் கன்யா’, 2016 பருவமழைக் காலத்தில் இந்திய-பிரிட்டன் ஆய்வாளர்களைத் தென் வங்கக் கடலுக்குச் சுமந்த ‘சிந்து சாதனா’ ஆகியவை இத்தேசத்தின் அரிய சொத்துகள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் பின்னும் உணரிகளின் அளவுத்திருத்தம், கப்பலுக்கொரு பொறுப்பான தொழில்நுட்பர், கரையில் தினசரித் தணிக்கை இவை மூன்றும் பட்ஜெட்டில் தனித்தலைப்பாக இடம்பெற வேண்டும். கப்பலைக் கடலில் இயக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை.

கொல்கத்தாவின் ஜிஆர்எஸ்இ கப்பல் கட்டும் தளத்தில் புதிய ஆய்வுக் கப்பல் கட்ட 2024இல் ஒப்பந்தமானது. காற்று அதன் மேல்தளத்தை எப்படிச் சுற்றிப்போகும் என்பதைக் கணினியில் பார்த்தபின் உணரிக் கம்பத்துக்கு இடம் குறிக்க வேண்டும். ஒவ்வோர் உணரியின் உயரமும் ஆழமும் கடைசித் திருத்தத் தேதியும் தரவோடு சேர்ந்தே பொதுவெளிக்கு வர வேண்டும். இந்த நிபந்தனைகளைப் புவி அறிவியல் அமைச்சகம் முதல் பயணத்துக்கு முன்பே எழுத்தில் வைக்கட்டும்.