செம்பருத்திக்கு விஷம் எதற்கு?

செகந்திராபாத்தில் எங்கள் குடியிருப்பில் ஒரு சிறு புல்தரையும் நான்கு செம்பருத்திச் செடிகளும் உண்டு. பிள்ளையாருக்குப் பூ அங்கிருந்துதான். பேரக்குழந்தைகள் உருண்டு விளையாடுவதும் அந்தப் புல்லில்தான். இரண்டு மாதம் முன்பு செடிகளில் மாவுப்பூச்சி கண்டது. "பருத்திக்கு அடிக்கிற மருந்தை மாதாமாதம் அடித்துவிட்டால் போச்சு, சார்" என்றார் ஒருவர். கூட்டத்தில் பலரும் தலையாட்டினார்கள். நான் மறுத்தேன்.

நாம் 'மருந்து' என்று சொல்வது விஷம். 2013-ல் பீகாரில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தது, சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்ததால்தான். அத்தகைய சரக்கைக் குழந்தைகள் புரளும் இடத்தில் தெளிக்கலாமா?

அடித்தாலும் பூச்சி ஒழியாது. மாவுப்பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் விஷம் எளிதில் இறங்காது. அதைத் தின்னும் பொறிவண்டுதான் முதலில் சாகும். 2008-ல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. எத்தனையோ மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கடுகைவிடச் சிறிய குளவிகளைப் பெங்களூருக்கு வரவழைத்து, பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். அதன் பிறகே பூச்சி அடங்கியது.

ரயில்வேயில் கீமேன் தினமும் தண்டவாளத்தில் நடந்து, தளர்ந்த இடத்தை அன்றே இறுக்குவார். செடிக்கும் அதுவே வழி. தினம் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். மோசமான கிளையை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். எறும்பை அண்டவிடாதீர்கள், பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக அதற்குக் காவல் நிற்பது எறும்புதான். பிறகும் இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, வாரம் ஒருமுறை மாலையில் தெளியுங்கள்.

நானும் தோட்டக்காரரும் இப்படித்தான் செய்கிறோம். மூன்று செடிகள் தேறிவிட்டன. நான்காவது இன்னும் போராடுகிறது. போகட்டும், பறித்த பூவைக் கூசாமல் சாமிக்கு வைக்கிறோம்.

உங்கள் குடியிருப்பிலும் யாராவது மருந்து டப்பாவுடன் வந்தால், அதன் மேலுள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்போ மஞ்சளோ என்றால் கொடிய விஷம். சிவப்பு சிக்னலைத் தாண்டி வண்டியை விடலாமா?