டிரைவ் திறக்கவில்லையா? பொறுங்கள்!

தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மாணாக்கர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கினார்கள். அவற்றில் விண்டோஸுடன் கூட, ஸி-டாக் ஸ்தாபனத்தார் நம் நாட்டிலேயே ஆக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்ஸும் இடம் பெற்றிருந்தது. ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் சில இல்லங்களில் அக்கணினிகள் இன்னும் உழைத்துக் கொண்டிருக்கின்றன. அவ்வில்லங்களிலிருந்து எனக்கு வரும் முறையீடு பெரும்பாலும் ஒன்றே: “ஐயா, லினக்ஸில் டிரைவ் திறக்கவில்லை.” கடைவீதியில் இதற்குச் சொல்லும் மருந்தும் ஒன்றே: “ஃபார்மட் செய்துவிடலாம்.”

நேயர்களே, இம்மருந்தை மட்டும் அவசரப்பட்டு உட்கொள்ளாதீர்கள். நோய் தீரும், நோயாளி இருக்கமாட்டான். காலஞ்சென்ற தகப்பனாரின் புகைப்படங்களை இவ்விதம் இழந்த பெண்ணொருத்தியை நான் அறிவேன். அந்த டிரைவுக்கு வேண்டியிருந்தது ஐந்து நிமிஷ வேலைதான்.

விண்டோஸ் ஒவ்வொரு டிரைவுக்கும் ஸி, டி என்று தனித்தனி வாசல் வைக்கிறது. லினக்ஸிலோ வீடு ஒன்று, தலைவாசலும் ஒன்று. புதிதாக வந்த டிரைவை அவ்வீட்டின் ஓர் அறையோடு, அதாவது ஒரு ஃபோல்டரோடு, இணைத்த பின்னரே உள்ளே புகலாம். இவ்விணைப்புக்கு ‘மவுண்ட்’ என்று பெயர். இணைப்பு நடவாததனால் மட்டும் உள்ளேயிருக்கும் பொருள் அழிந்தது என்று அர்த்தமாகாது.

முதலில் திரையில் வந்த வாசகத்தைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு டெர்மினலில் ‘எல்எஸ்பிஎல்கே’ என்னும் கட்டளையைக் கொடுங்கள். கணினியின் கண்ணுக்குப் புலப்பட்ட டிரைவுகள் யாவும் வரிசையாகத் தெரியும். உங்கள் டிரைவ் அதில் இல்லையேல், வேறு துளையில் செருகியும் கேபிளை மாற்றியும் பாருங்கள்.

பட்டியலில் இருந்தும் திறக்கவில்லையெனில், முதற் சந்தேகம் விண்டோஸின் மீது விழ வேண்டும். 2012-இல் வெளியான விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்றோர் ஏற்பாடு உண்டு. ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும், அடுத்த முறை விரைந்து எழுவதற்காகத் தன் நிலையை டிரைவில் எழுதி வைத்துவிட்டே விண்டோஸ் கண்ணை மூடுகிறது. கணக்குப்பிள்ளை பாதியில் வைத்துவிட்டுப் போன பேரேட்டில் வேறொருவர் எழுதினால் என்னவாகும்? ஆகவே லினக்ஸ் அந்த டிரைவை ஏற்க மறுக்கிறது. அல்லது படிக்க மட்டும் இடங்கொடுக்கிறது. அதன் பொறுப்புணர்ச்சியை நாம் மெச்சவே வேண்டும்.

இதற்குப் பரிகாரம் சுலபம். விண்டோஸுக்குள் சென்று ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். அது முழுமையாக மூடிக்கொண்டு மீண்டும் எழும். அப்போது தோன்றும் பட்டியலில் லினக்ஸைத் தேர்ந்தெடுங்கள். நிரந்தரமாகத் தீர வேண்டுமானால் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திவிடுங்கள். திடீரென மின்சாரம் நின்றதனால் பழுது நேர்ந்திருந்தால், விண்டோஸிலேயே ‘செக்டிஸ்க்’ ஓட்டுவது உத்தமம். லினக்ஸிலுள்ள ‘என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்’ சில்லறைப் பிழைகளையே நீக்கும்.

‘ஃபைல் ஸிஸ்டம் தெரியவில்லை’ என்று வந்தால் விஷயம் வேறு. 64 ஜி.பி. மெமரி கார்டுகள் பொதுவாக ‘எக்ஸ்ஃபாட்’ முறையில் அமைந்தவை. லினக்ஸ் கெர்னலில் அம்முறை சேர்ந்தது 2019-இல், 5.4 பதிப்பில்தான். பழைய பதிப்புகளில் ‘எக்ஸ்ஃபாட்-ஃப்யூஸ்’ என்னும் மென்பொருளை நிறுவிக்கொண்டால் கார்டு திறக்கும்.

‘இன்புட் அவுட்புட் எரர்’ என்று வந்தால் மட்டும் கலக்கத்துக்கு இடமுண்டு. டிரைவே தேய்ந்து வருவதாக இருக்கலாம். பழுதுபார்க்கும் கட்டளை எதையும் ஓட்டாமல், முதலில் கிடைத்தவரை நகல் எடுத்துவிடுங்கள். இணைப்பில் இருக்கும் டிரைவின் மீது ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையை ஒருநாளும் ஓட்டலாகாது.

நாமக்கல் பட்டறையில் நல்ல மெக்கானிக், லாரி கிளம்பவில்லை என்றதும் இஞ்சினைக் கழற்ற முனைவதில்லை. டீஸல் வருகிறதா, பாட்டரியில் சக்தி இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்பானரைத் தொடுவார். கணினிக்கும் அந்த நிதானமே வேண்டும். டிரைவ் திறந்தவுடன், இழக்க மனமில்லாதவற்றை அன்றைக்கே வேறொரு டிரைவிலும் பிரதி செய்து வையுங்கள்.